திரிஃப்ட் கடைக்கு வடிவமைப்பு, சமூக ஊடகத் தொண்டூழியம்: எங்கிருந்து தொடங்குவது?

மலர்_ஈசூன்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் ஓர் அறநிறுவனம் நடத்தும் சின்னத் திரிஃப்ட் கடையில் (தானமாக வரும் பழைய பொருள்களை விற்கும் கடை) தொண்டூழியராகச் சேர்கிறேன். துணி பிரிக்க, விலை ஒட்ட, கல்லாவில் நிற்க அங்கே ஆள் இருக்கிறது. படம் எடுக்கவும் போஸ்டர் செய்யவும் ஃபேஸ்புக், இன்ஸ்டாவைப் பார்த்துக்கொள்ளவும்தான் ஆளில்லை. நான் வரைகலை வடிவமைப்பாளர். வாரத்துக்கு நாலு மணி நேரம் தர முடியும்.

தினமும் ஒரு பொருளைப் படமெடுத்து விலையோடு போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? பழைய பொருள்களை விற்கும் கரோசெல் தளத்திலும் ஒரு கணக்குத் திறக்கலாமா? சேலைகள் நிறைய வருகின்றன, தீபாவளிக்கு அவற்றை முன்னால் கொண்டுவர வேண்டும். ஆனால் நான் எடுக்கும் படத்தில் அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிகிறது. கேன்வா வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்து வேறு உடைந்து போகிறது. கடை மேலாளர் ஃபேஸ்புக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அனுமதி, சட்டம் என்று ஏதாவது கவனிக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி:

மலர், அந்தத் தாளை முதலில் திருப்பிக் கொடுங்கள். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து மெட்டா பிசினஸ் சூட்டை (ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களை நிர்வகிக்கும் கருவி) திறந்து, உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்குக்கு அணுகல் தரச் சொல்லுங்கள். அணுகல் இரண்டு வகை. ஒன்று முழுக் கட்டுப்பாடு, மற்றது குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். பதிவு போட, செய்திகளுக்குப் பதில் எழுத, புள்ளிவிவரம் பார்க்க உங்களுக்கு இரண்டாவது போதும். முழுக் கட்டுப்பாடு அமைப்பின் ஊழியர்கள் இருவரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டாலோ அவர் கணக்கு முடங்கினாலோ பக்கம் கைவிட்டுப் போகும். இன்ஸ்டாவைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிட்டால் அதையும் இதே வழியில் கவனிக்கலாம்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. இரட்டை உறுதிப்பாட்டுக் குறியீடு தொண்டூழியரின் கைபேசிக்கு வரும்படி வைத்துவிடுவார்கள். அவர் போன பிறகு கடைக்காரர்களே தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது. அந்தக் குறியீட்டைத் தரும் அங்கீகாரச் செயலியைக் கடையின் கைபேசியில் போடுங்கள். காப்புக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலகப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டாவது வேலை கூகல் மேப்ஸ். இன்ஸ்டா அதற்கப்புறம்தான். திரிஃப்ட் கடைகள் பெரும்பாலும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ அமைப்பின் அலுவலகக் கட்டடத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். கடையின் கூகல் பக்கத்தை அமைப்பின் மின்னஞ்சலில் உரிமை கோரிப் பெறுங்கள். உறுதி செய்ய வாசல், பெயர்ப்பலகை, உட்புறம் தெரியும்படி காணொளி கேட்கக்கூடும், அதனால் கடையில் இருக்கும்போதே செய்யுங்கள். சாலையிலிருந்து பார்த்தால் வாசல் எப்படித் தெரியும் என்று ஒரு படம், எந்த எம்ஆர்டி ரயில் நிலைய வாயில், எந்த மின்தூக்கி என்று ஒரு வரி. பொது விடுமுறை நேரங்களைத் தனியாக நிரப்பும் இடம் இருக்கிறது, அதை விடாதீர்கள். பொருள் வாங்கிக்கொள்ளும் நேரம் கடை திறந்திருக்கும் நேரத்திலிருந்து மாறுபட்டால் அதை விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நேரம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்றால், மூன்று பை துணியைத் தூக்கி வந்தவர் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து அவற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். இரவு மழை பெய்யும். நம் ஊர் ஈரத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை வாடை ஏறிவிடும், நல்ல துணியும் குப்பைக்குத்தான்.

தினம் ஒரு பொருள் யோசனையை விடுங்கள். சாதாரணக் கடையில் ஒரு படத்துக்குப் பின்னால் ஐம்பது உருப்படி இருக்கும், இங்கே ஒன்றே ஒன்றுதான். படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு பேர் "இன்னும் இருக்கா?" என்று கேட்பார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற அத்தனை பேருக்கும் "இல்லை" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை நேரில் வந்த யாரோ வாங்கிப் போயிருப்பார். கேட்டவர்களுக்கும் எரிச்சல், கல்லாவில் நிற்பவருக்கும் எரிச்சல்.

அதற்குப் பதிலாகக் கூட்டமாகக் காட்டுங்கள். ஒரு தொங்கல் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைபேசியை மெதுவாக நகர்த்தி 15 முதல் 20 நொடிக் காணொளி. "இந்த வாரம் கைக்குழந்தை உடைகள், உருப்படிக்கு 2 வெள்ளி முதல்" என்று மேலே எழுத்து. அதில் தெரிகிற ஏதோ ஒன்று விற்றுப்போனாலும் பதிவு பொய்யாகாது. ஒற்றைப் பொருளைப் போட்டே ஆக வேண்டும் என்றால் விதியை முதல் வரியில் எழுதுங்கள்: ஒதுக்கி வைப்பதில்லை, முதலில் வருபவருக்கே. 24 மணி நேரம் எடுத்து வைப்போம் என்று கடை சொன்னால், அந்தப் பொருளில் பெயரும் நாளும் எழுதிய சீட்டு ஒட்டி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் போட வேண்டும். பெட்டி இல்லாத விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

என் கருத்தில், இந்தக் கடைகளுக்குச் சமூக ஊடகம் அதிகம் உதவுவது உள்ளே வரும் பொருளைச் சீராக்கத்தான். விற்பனை அதற்கடுத்துதான். பெரும்பாலான கடைகளுக்குப் பொருள் பஞ்சமில்லை, ஆனால் விற்க முடியாததைப் பிரிப்பதிலும் தூக்கிப் போடுவதிலும் தொண்டூழியர்களின் நேரம் போய்விடுகிறது. ஆகவே உங்கள் வடிவமைப்புத் திறமையை முதலில் "என்ன வேண்டும், என்ன வேண்டாம்" பதிவில் காட்டுங்கள். பட்டியலை நீங்களாக எழுத வேண்டாம். துணி பிரிப்பவர்களிடம் கேளுங்கள், போன மாதம் அதிகம் எறிந்தது எது என்று. மெத்தை, தலையணை, உள்ளாடை, பாடநூல், கலைக்களஞ்சியம், ஒளிநாடா என்றுதான் பெரும்பாலும் வரும். இரண்டு படம் போதும். ஒன்றில் துவைத்து மடித்த துணிப்பை, மற்றதில் கறையும் அறுந்த பட்டனுமாக ஒரு பை. எழுத்தைப் படிக்காதவர்களும் படத்தைப் பார்ப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல் எங்கே கொண்டுபோகலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். பெரிய அறைகலன்களுக்கு நகர மன்றத்தின் அகற்றும் சேவை. மின்னணுப் பொருளுக்கு மின்கழிவுத் தொட்டி. 2021 ஜூலையிலிருந்து பெரிய மின்னணுக் கடைகளும் பழைய கைபேசி, மின்கலம் போன்றவற்றைத் திரும்பப் பெறுகின்றன.

தறிக்காரி:

மலர் தங்கச்சி, சேலைக்கு நாள்கணக்கு முக்கியம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேலைப் படம் போட்டுப் பயனில்லை. சேலை வாங்கியவர் ரவிக்கை தைக்க வேண்டும், தேக்கா நிலையத்து இரண்டாம் தளத்திலோ வேறெங்கோ இருக்கும் தையற்கடைகள் அதற்குள் "இனி தீபாவளிக்கு அப்புறம்தான்" என்று சொல்லத் தொடங்கிவிடும். எட்டு வாரம் முன்னால் சேலைகளைப் போடுங்கள். கடைசி மூன்று வாரத்துக்குத் தைத்த ரவிக்கையோடு இருப்பவை, சுடிதார், குர்தா, பிள்ளைகளின் பாவாடை சட்டை. இவற்றை அப்படியே உடுத்தலாம்.

படத்துக்கு முன் பரிசோதனை. சேலையை முழுக்க விரித்து, ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை மாதிரித் தெரியும். அப்படி இருந்தால் உடுத்தும் சேலையாக விற்காதீர்கள், "தைப்பதற்கான துணி" என்று விற்கலாம். சரிகை கறுத்திருந்தால் கறுத்திருக்கிறது என்று எழுதிவிடுங்கள். பாலிஷ் போட முயன்றால் சுற்றியுள்ள பட்டில் கறை படியும். ரவிக்கையில் அக்குளைப் பாருங்கள். வியர்வைக் கறை துவைத்தும் போயிருக்காது.

சுத்தப் பட்டுக்குச் சான்றான சில்க் மார்க் சீட்டு இல்லாத சேலையைச் "சுத்தப் பட்டு" என்று எழுத வேண்டாம். ஐயம் இருந்தால் உள்முனையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஊடையும் பாவும் வேறு வேறு நூலாக இருக்கலாம் என்பதால் இரண்டு திசையிலும் ஒவ்வொரு நூல் எடுங்கள்.

அளவு எழுதாத சேலைப் பதிவுக்கு முதல் கேள்வி "ரவிக்கைத் துணி இருக்கா?" என்பதுதான். சேலை 5.5 மீட்டர். ரவிக்கைத் துணியும் வெட்டாமல் இருந்தால் 6.2 மீட்டருக்கு மேல் வரும். அளந்து எழுதுங்கள். தைத்த ரவிக்கையென்றால் ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை தரையில் விரித்து அளந்த சென்டிமீட்டர், கைச்சுற்றளவு, அதோடு உள் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பது. இந்தக் கடைசி அளவைப் பார்த்துத்தான் பெண்கள் வாங்குவார்கள், பிரித்துப் பெரிதாக்க முடியுமா என்று அதில்தானே தெரியும்.

இனி நிறம். அரக்கு சிவப்பாவதற்குக் காரணம் இரண்டு விளக்கொளி கலப்பது. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், கூரை விளக்கு வேறொரு நிறம், கைபேசி இரண்டுக்கும் நடுவில் குழம்புகிறது. ஜன்னலோ கண்ணாடிக் கதவோ பக்கத்தில் இருந்தால் அங்கே உள்ள கூரை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். காலை பத்து மணிவாக்கில் நேர்வெயில் படாத பக்கம் நல்லது. முதல் படத்தில் சேலைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். பிறகு திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறச்சூட்டை (படத்தின் மஞ்சள், நீலச் சாயலை) சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் ஒட்டுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம், சரிகை வெள்ளையாக வெந்துபோகும். வெளிச்சம் பக்கவாட்டில் 45 பாகையில் விழுந்தால் நெசவு எழும்பித் தெரியும். கறுப்புத் துணியைக் கைபேசி சாம்பலாக்கும், வெள்ளையைப் பழுப்பாக்கும். ஆகவே கறுப்புக்கு வெளிச்ச அளவை ஒரு இழை குறைக்கவும், வெள்ளைக்குக் கூட்டவும். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரு மடங்கு லென்ஸில் எடுங்கள். எல்இடி விளக்கில்தான் எடுக்க முடியும் என்றால் காணொளியில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100இல் பூட்டினால் நின்றுவிடும்.

ஒரு சேலைக்கு நாலு படம்: முந்தானை முழுதாக, கரை கிட்டத்தில், உடல், பிறகு குறை. குறையை மறைக்காதீர்கள், விரலால் சுட்டிக்காட்டியே எடுங்கள். நீராவிப் பெட்டியைப் பட்டில் நேரடியாக வைக்காமல் மேலே பருத்தித் துணி போட்டுச் செய்யுங்கள், தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் வட்டமாகக் கறை நிற்கும். இவ்வளவும் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் பத்துச் சேலைதான் முடியும். அதற்குமேல் திட்டமிடாதீர்கள்.

எழுத்தாணி:

எழுத்து உடைவதற்கு மட்டும் பதில்.

கேன்வாவில் ஆங்கிலத்துக்கென்று தேர்ந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்களே இல்லாமல் இருக்கும். அப்போது அது வேறொன்றை இரவல் வாங்கிக் காட்டும், பதிவிறக்கும்போது அதுவும் மாறலாம். தமிழ் வடிவங்கள் உள்ளதாகவே தேர்ந்தெடுங்கள். உடலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை. தலைப்புக்குப் பலூ தம்பி, கேட்டமரன். எழுத்து இடைவெளி பூஜ்யத்தில் இருக்கட்டும். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வதுபோல் கூட்டினால் "கொ" மூன்று துண்டாகத் தள்ளித் தள்ளி நிற்கும். வரி உயரம் 1.4க்குக் குறைந்தால் மேல்வரியின் உகரக் கொக்கியும் கீழ்வரியின் இகர வளைவும் மோதும்.

பழைய போட்டோஷாப் பதிப்பில் செய்வதானால் விருப்பங்களில் எழுத்துப் பிரிவுக்குப் போய் உலகமொழி அமைப்பைத் (World-Ready Layout) தேர்ந்து, கோப்பை மூடித் திறக்கவும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதாகை வாசகத்தை ஒட்டும்போது ஆங்கில எழுத்துக்கூளமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கம். யூனிகோடாக மாற்றாமல் பயன்படாது. அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துகளை உருவமாக மாற்றிவிடுங்கள், அச்சகத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.

ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழியிலும் போடுகிற பதிவென்றால் தமிழை முதலில் அமைத்துவிட்டு மற்றவற்றை அந்தக் கட்டத்துக்குள் வையுங்கள். தமிழ்தான் அதிக இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் தமிழைத் திணித்தால் யாராலும் படிக்க முடியாத பொடியெழுத்தாகும், இதைத் தீவு முழுக்கப் பார்க்கலாம். இன்னொன்று, பல படப் பதிவுக்கு 1080 × 1350 அளவு, காணொளிக்கு 1080 × 1920. காணொளியில் கீழே கால் பங்கு இடத்தில் எழுத்து வைக்க வேண்டாம், கணக்குப் பெயரும் பொத்தான்களும் மறைத்துவிடும்.

பதிவு செய்யப்பட்ட அறநிறுவனங்களுக்குக் கேன்வா 50 பேர் வரை இலவசம். விண்ணப்பம் அமைப்பின் மின்னஞ்சலில் போகட்டும். உங்கள் தனிக் கணக்கில் வடிவங்களைச் செய்து வைத்தால் அவை உங்களோடு போய்விடும்.

பத்து_வெள்ளி:

கல்லாப்பெட்டி சொன்னதில் ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. ஒற்றைப் பொருள் பதிவே வேண்டாம் என்பது ஃபேஸ்புக்குக்குச் சரி, கரோசெல்லுக்குச் சரியல்ல. அங்கே வருபவர் பொருளின் பெயரைத் தட்டித் தேடுகிறார். நாற்பது வெள்ளிக்கு மேல் போகக்கூடியதைக் கடையின் கம்பியில் பத்து வெள்ளிக்குத் தொங்கவிடுவது தானம் கொடுத்தவருக்கே நியாயமில்லை. நல்ல கேமரா லென்ஸ், தையல் இயந்திரம், வெண்கல விளக்கு, பழைய பெரனாக்கான் பீங்கான், முழுமையான லெகோ பெட்டி. இந்த மாதிரி ஒரே நேரத்தில் பத்துக்கு மிகாமல் போடுங்கள். போட்ட பொருளைக் கடைத் தளத்திலிருந்து எடுத்து எண் ஒட்டிய பெட்டியில் பூட்டி வைத்தால்தான் இரண்டு இடத்தில் ஒரே பொருள் விற்காது. கடையில் வந்து பெற்றுக்கொள்வது மட்டும், அஞ்சல் கிடையாது. அஞ்சல் தொடங்கினால் பொதி கட்டுவதற்கே உங்கள் நாலு மணி நேரம் போய்விடும்.

விலைக்குக் கரோசெல்லில் பிறர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போனவற்றின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலை ஆசை.

வாங்குபவர்போல் வந்து "பணம் பெற இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று அனுப்புகிறவர் மோசடிக்காரர். கணக்கைப் பார்க்கும் ஒவ்வொரு தொண்டூழியருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வங்கி விவரம் எதையும் எந்த இணைப்பிலும் நிரப்பக் கூடாது. பணம் கடையின் யூஇஎன் எண்ணுக்கு (அமைப்பின் பதிவு எண்) பேநவ் மின்பணப் பரிமாற்றம், அல்லது கல்லாவில் ரொக்கம். தொண்டூழியரின் கைபேசி எண்ணுக்குப் பேநவ் ஒருபோதும் வேண்டாம், ஒரே ஒரு தடவைக்கும் வேண்டாம்.

மூன்று வகைப் பொருளைப் படமெடுக்கும் முன்பே நிறுத்துங்கள். ஒன்று, பெயர்பெற்ற நிறுவனக் கைப்பைகள். போலியை விற்பது வணிகச்சின்னச் சட்டப்படி குற்றம், தானமாக வந்தது என்பதால் அது மாறாது. அசல் என்று உறுதியாகாவிட்டால் விற்பனைக்கே போகக் கூடாது. இரண்டு, பாதுகாப்புச் சின்னம் இல்லாத மின்னேற்றி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி. சின்னம் உள்ளதாக இருந்தாலும் மின்கம்பி வெடித்திருந்தால் வேண்டாம். மூன்று, தலைக்கவசமும் குழந்தைகளின் கார் இருக்கையும். விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே தெரியாது.

மலர்_ஈசூன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நிறையத் தெளிவாகிவிட்டது. தறிக்காரி அக்கா, ரவிக்கையின் உள் தையல் அளவு எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

இன்னும் இரண்டு கேள்வி. கடையில் ஆட்கள் பொருள் பார்ப்பதைப் படமெடுத்தால் உயிரோட்டமாக இருக்கும். அனுமதி வேண்டுமா? அப்புறம், "பொருள் தாருங்கள், 250 விழுக்காடு வரிக்கழிவு பெறுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார் கடையில் ஒருவர். போடலாமா?

படிவம்_நிரப்பி:

வரி வாசகத்தைப் போடாதீர்கள். 250 விழுக்காடு கழிவு ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி உள்ள அமைப்புக்குத் தரும் தகுதிபெற்ற நன்கொடைகளுக்குத்தான். எல்லா அறநிறுவனத்துக்கும் அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் ரொக்கம், பங்குகள், நிறுவனங்கள் தரும் கணினி, கலைப்பொருள், நிலம் கட்டடம் என்று வரி ஆணையமான ஐராஸ் வகுத்துச் சொல்லியிருக்கிறது. பழைய துணியும் மேசையும் அதில் வராது. கடையில் பொருள் வாங்கியதற்கும் கழிவு கிடையாது, பணத்துக்குப் பதிலாகப் பொருள் கிடைத்துவிட்டதே. தப்பாகப் போட்டால் ஏப்ரலில் வரிப் படிவம் நிரப்புகிறவர்கள் ரசீது கேட்டுக் கடைக்கு வருவார்கள்.

ஆட்களைப் படமெடுப்பது: முகம் தெரிந்தால் அது தனிநபர் தகவல். சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன, ஆனால் இந்த இடத்தில் சட்டத்தைவிட நாகரிகம் பெரிது. திரிஃப்ட் கடைக்குப் பொழுதுபோக்காக வருகிறவரும் உண்டு, வேறு கடைக்குப் போக முடியாமல் வருகிறவரும் உண்டு. இரண்டாமவர் தன் முகத்தைக் கடையின் இன்ஸ்டாவில் பார்த்தால் மறுபடி வரமாட்டார். கடை திறக்கும் முன் எடுங்கள், அல்லது கையும் துணியும் மட்டும் தெரியும்படி எடுங்கள். ஊழியர், தொண்டூழியர் முகத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், எந்தத் தளங்களில், எவ்வளவு காலத்துக்கு என்று அதில் இருக்கட்டும். அமைப்பின் பயனாளிகள் கடையில் வேலை செய்தால், குறிப்பாக மனவளர்ச்சி குன்றியவர்களோ சிறுவர்களோ என்றால், நீங்கள் நேரடியாகக் கேட்காதீர்கள். அமைப்பின் தகவல் பாதுகாப்பு அதிகாரி மூலம் குடும்பத்தாரின் ஒப்புதல் வர வேண்டும். எல்லா அமைப்பும் அப்படி ஓர் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும் என்பது சட்டம், யாரென்று மேலாளரிடம் கேளுங்கள்.

பொருள்களிலும் ஆட்கள் இருப்பார்கள். பள்ளிச் சீருடையில் பெயர்ப்பட்டை, படச்சட்டத்துக்குள் குடும்பப் படம், கைப்பையின் உள்ளறையில் பழைய கடிதம். படமெடுக்கும் முன் எல்லாப் பையையும் திறந்து பாருங்கள். பெரிய பொருளை எடுத்துப் போக வரும்படி முகவரியும் கைபேசி எண்ணும் கொடுத்தவர்களின் எண்களை வாட்ஸ்அப் விளம்பரப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவர்கள் அதற்காகக் கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஊழியர் வேலைக்காகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம். நீங்கள் ஊழியர் அல்ல, ஆகவே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்கள் படமும் வடிவமைப்பும் உங்களுடையவை. கடைக்கு அது சிக்கல். நீங்கள் விலகிய பிறகு அந்தப் போஸ்டரைத் திருத்தி அச்சிடலாமா என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கக் கடிதம் போதும்: இந்தப் படைப்புகளைக் கடை காலவரையின்றி, கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றலாம், நான் என் தொழில் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம். இருவரும் கையொப்பமிடுங்கள். படைப்பாளர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ள உரிமைதான், உங்களுக்குப் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

காணொளிக்குப் பாட்டு: வணிகக் கணக்கில் திரைப்பாடல்களைப் போட்டால் ஒலி நீக்கப்படலாம். மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பிலிருந்தோ டிக்டாக்கின் வணிக இசைத் தொகுப்பிலிருந்தோ எடுங்கள். கடையின் சத்தமே போதும் என்பது என் எண்ணம்.

கல்லாப்பெட்டி:

பத்து_வெள்ளி சொன்ன கரோசெல் முறை பூட்டுப் பெட்டியோடு என்றால் எனக்கும் சரியே.

மலர், உங்கள் நாலு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கூட்டமில்லாத வாரநாள் காலையில் இரண்டு மணி நேரம் கடையில் படம், காணொளி. வீட்டில் ஒரு மணி நேரம் திருத்தி, மூன்று பதிவை மெட்டா பிசினஸ் சூட்டில் நாள் குறித்து வைப்பது. மிச்சம் ஒரு மணி நேரம் செய்திகளுக்கு. வாரம் மூன்று பதிவுக்குமேல் வேண்டாம்: வந்திருப்பது ஒன்று, வேண்டியது வேண்டாதது ஒன்று, நேரமும் வழியும் ஒன்று. செய்திகளுக்கு நீங்கள் இல்லாத நாளில் யார் பதில் எழுதுவார் என்பது முடிவாகும் வரை பதிவைக் கூட்டாதீர்கள். மெசஞ்சரில் தானியங்கிப் பதில் வைத்து, திறக்கும் நேரம், பொருள் தரும் நேரம், ஒதுக்கி வைப்பதில்லை என்ற மூன்றையும் அதில் எழுதினால் பாதிக் கேள்வி குறையும்.

விருப்பக்குறிகளை எண்ணி மேலாளரிடம் காட்ட வேண்டாம். கல்லாவில் ஒரு தாள் வைத்து, "எப்படித் தெரிந்து வந்தீர்கள்" என்று கேட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். பிரிக்கும் மேசையில் இன்னொரு தாள், எறிந்த பைகளின் எண்ணிக்கைக்கு. இந்த இரண்டாவது தாளில் எண் குறைந்தால் உங்கள் பதிவு வேலை செய்கிறது.

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் வீட்டைச் சுத்தம் செய்து எல்லாரும் ஒரே நேரத்தில் பைகளோடு வருவார்கள். சில கடைகள் இடமில்லாமல் வாங்குவதையே நிறுத்த வேண்டியிருக்கும். "தற்காலிகமாகப் பொருள் பெறவில்லை" என்ற பதிவையும் கதவுக்கான ஏ3 தாளையும் நான்கு மொழியில் நவம்பரிலேயே செய்து, தேதி இடத்தைக் காலியாக விட்டு அமைப்பின் கேன்வாவில் வையுங்கள். நிறுத்தும் அன்று அதைக் கடைக்காரரே நிரப்பிப் போடத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் ஒருமுறை அவரையே செய்ய வைத்துப் பாருங்கள்.